வாய்மொழி உத்தரவு

அடையாறு சிக்னலில் இன்னும் இரண்டு நிமிஷம் சிவப்பு பாக்கி இருந்தது. பின்னால் பெட்டியில் பெசன்ட் நகருக்குப் போகவேண்டிய இரண்டு மட்டன் பிரியாணி. அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிடலாம் என்று தமிழ்நிலா பாட்டிலை எடுத்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். யாரோ சோறு ஆறிவிட்டதென்று கத்தப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

“தமிழ்நிலாவா? சட்ட உதவி வக்கீல் ஜெயஸ்ரீ பேசறேன். அறிவு உங்க தம்பிதானே? இங்க கோர்ட்ல நிக்கறான்.”

“இன்னா மேடம் சொல்றீங்க? அவன் காலைல நீச்சலுக்குப் போய்க்கிறான்.”

“நீச்சலுக்குப் போகலை. டில்லிபாபுன்னு ஒருத்தனுக்குப் பிறந்தநாளாம். காலைல ஏழு மணிக்குக் கோட்டூர்புரம் பாலத்து நடுவுல பைக்கை நிறுத்தி, சீட்டு மேல கேக்கை வெச்சு வெட்டி, பட்டாசும் வெடிச்சிருக்கா. டில்லிபாபு, ஆசிஃப், உங்க தம்பி, மூணு பேர். போலீஸ் அப்படியே அள்ளிண்டு வந்துட்டா.”

தப்புதான். ஆபீசுக்குப் போகிற நேரத்தில் பாலத்தை மறித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? தமிழ்நிலா அங்கே இருந்திருந்தால் மூன்று பேர் காதையும் திருகி, கேக்கையும் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் அடுத்து வக்கீல் சொன்னது வேறு.

“ஜட்ஜ் மத்தியானம் ரெண்டேகாலுக்கு மறுபடி உக்காருவார். அதுக்குள்ள மூணு பேரும் மொட்டை அடிச்சுண்டு வந்து, கேமரா முன்னாடி மன்னிப்புக் கேட்டு, குத்தத்தை ஒத்துக்கணுமாம். சலூன்காரரை ஒன்றரைக்கு வரச் சொல்லியாச்சு.”

“கோர்ட்லயா மொட்டை?”

“வாசல்ல. இங்க பாருங்கோ, அறிவு இப்பத்தான் எங்கிட்ட வாயைத் திறக்கறான். அவனுக்குப் பதினேழுதானாமே? அந்த ஆசிஃபுக்கும் பதினேழாம். ஆனா ஜட்ஜ் கேட்டப்போ ரெண்டு பேரும் பதினெட்டுன்னு சத்தமாச் சொல்லியிருக்கா. ஏம்மா அப்படிச் சொன்னா?”

ஏன் என்று தமிழ்நிலாவுக்குத் தெரியும். அவர்கள் குடியிருப்பு பிளாக்கில் பிறந்த எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். போலீஸ் பிடித்தால் பதினெட்டு என்று சொல்லிவிடு, ஃபைன் கட்டிவிட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். பதினேழு என்றால் சிறுவர் ஹோமில் போட்டு மாசக்கணக்கில் வைத்துவிடுவார்கள். யார் கிளப்பிவிட்ட கதையோ, அண்ணன்கள் தம்பிகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சட்டப் புத்தகத்தைவிடக் கெட்டியாகிவிட்டது. நிஜத்தில் எல்லாமே தலைகீழ்.

“பதினெட்டு ஆகலைன்னா இந்த கோர்ட்டே அவனை விசாரிக்கக்கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் அனுப்பணும். அங்க எச்சரிச்சு விட்டுடுவா, எந்த வேலைக்கும் இது குறுக்க நிக்காது. இங்க ஒத்துண்டான்னா கேஸ்ல குற்றவாளின்னு பதிஞ்சுடும். கடற்படைக்கு எழுதியிருக்கானாமே?”

“ரிட்டன் டெஸ்ட்டு பாஸு மேடம். அடுத்த மாசம் ஓட்டம்.”

“அப்ப பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினலை எடுத்துண்டு வாங்கோ. ஜெராக்ஸ் ஆகாது. வாயால சொன்னா அவர் கேக்கவே மாட்டார். ரெண்டேகாலுக்குள்ள.” வைத்துவிட்டார்.

பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. பக்கத்தில் அதே கம்பெனி டீ-ஷர்ட்டில் ஒருவன் நின்றிருந்தான். முகம்தான் பழக்கம், பேர் தெரியாது. தமிழ்நிலா பெட்டியைத் திறந்து பிரியாணிப் பையை அவன் மடியில் வைத்தாள்.

“மச்சி, பெசன்ட் நகர் ரெண்டாவது அவென்யூ. குடுத்துடு. என் தம்பிய மொட்டை அடிக்கப் போறாங்க.”

“திருப்பதியா?” என்றான் அவன். பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

அந்தக் குற்றவியல் நடுவரைப் பற்றி ஊருக்கே தெரியும். பேர் அருணகிரிநாதன். பைக் ரேஸ் விட்ட கல்லூரிப் பையன்களைச் சிக்னலில் அட்டை பிடித்து நிற்கவைத்தார். பஸ் கூரையில் ஏறியவர்களை ‘இனி ஏறமாட்டேன்’ என்று நோட்டு நோட்டாக எழுதவைத்தார். நீளமுடி வைத்திருந்தால் முதலில் முடி, பிறகுதான் வழக்கு. பேப்பரில் போட்டோ வரும், வாட்ஸாப்பில் ஊரே கை தட்டும். இப்படி நாலு ஜட்ஜ் இருந்தால் நாடு உருப்படும் என்று தமிழ்நிலாவின் அப்பாவேகூட ஒருமுறை சொன்னார். கை தட்டியவர்கள் யாருடைய பிள்ளையும் அந்தப் போட்டோக்களில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

மார்க் ஷீட் வீட்டில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. வீட்டில் இல்லை. கோட்டூர்புரம் குடியிருப்பில் கீழ்த்தளத்துக்காரர்கள் யாரும் முக்கியமான காகிதத்தை வீட்டில் வைப்பதில்லை. பெருவெள்ளத்தில் ஆறு உள்ளே வந்து ரேஷன் கார்டு, பட்டா, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் கூழாக்கிவிட்டுப் போனதிலிருந்து, ஒன்பது குடும்பத்துக் காகிதமும் மூன்றாவது மாடி நஸ்ருன்னிசா வீட்டில் நீல டிரம் ஒன்றில் இருக்கிறது. வீட்டுக்கொரு பை. நஸ்ருன்னிசா ஆசிஃபின் அம்மா. மேற்கு மாம்பலத்தில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறார். வீட்டுச் சாவி இரண்டு. ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று ஆசிஃப் பாக்கெட்டில். அதாவது இப்போது போலீஸிடம். கடையில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆக, முதலில் மாம்பலம்.

சைதாப்பேட்டையைத் தாண்டி ஜோன்ஸ் ரோட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. காய்கறி வண்டி, தண்ணீர் லாரி, ஸ்டேஷனுக்கு ஓடுகிற கூட்டம், நடுரோட்டில் நின்று விலை பேசுகிற இரண்டு பெண்கள். தமிழ்நிலாவுக்கு இந்தச் சந்துகள் அத்துப்படி. எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு எந்த வண்டி குறுக்கே நிற்கும் என்பதுவரை தெரியும். இருந்தும் இன்றைக்கு எல்லாச் சந்தும் நீண்டுகொண்டே போனது. ஒரு மாட்டைத் திட்டினாள். மாடு நகரவில்லை. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கடை மாடியில் ஆறு பெண்கள் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றி உட்கார்ந்து ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். நஸ்ருன்னிசா தலையை நிமிர்த்தாமலே, “நிலாவா? இன்னாடி இந்த நேரத்துல?” என்றார்.

“நஸ்ருக்கா, சாவி வேணும். அறிவு மார்க் ஷீட் எடுக்கணும். கோர்ட்ல கீறான்.”

“யா அல்லா. இன்னா பண்ணான்?”

தமிழ்நிலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அவன் மட்டும் இல்லக்கா. ஆசிஃபும்.”

“ஆசிஃபா? அவன் வேளச்சேரில அவன் மாமா வூட்டுக்குப் போய்க்கிறான்டி. விடியக்காலம் சொல்லினு போனான்.”

“போகலக்கா.”

மொட்டையையும் ரெண்டேகாலையும் பதினெட்டையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நஸ்ருன்னிசா ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தார். முதலாளியிடம், “நான் போறேன்” என்று மட்டும் சொன்னார், பர்தாவை மாட்டிக்கொண்டார். படியில் இறங்கும்போதுதான், “வூட்டுக்கு வரட்டும், அந்த மாமா கதைக்கு நான் வெச்சுக்கிறேன்” என்றார்.

பின் சீட்டில் டெலிவரிப் பெட்டி இருந்தது. தமிழ்நிலா அதைக் கழற்றிக் கடை வாசலில் போட்டாள். நஸ்ருன்னிசா இதுவரை அவள் வண்டியில் ஏறியதே இல்லை. ஏறி உட்கார்ந்து அவள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அரங்கநாதன் சுரங்கப்பாதையில் இருட்டில் இறங்கி வெளிச்சத்தில் ஏறியபோது அம்மா ஜோதிலட்சுமியின் போன். மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்கிற அம்மா, தகவல் தெரிந்து பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டு அப்படியே கோர்ட்டுக்கு ஓடியிருந்தாள்.

“நிலா, சலூன்காரர் வந்துட்டாருடி! ஸ்டூலு போட்டுட்டாங்க. டில்லிபாபுவ உக்கார வெச்சிட்டாங்க!”

“அறிவு எத்தினியாவது?”

“கடசீல. ஆசிஃப் ரெண்டாவது. போன்ல படம் புடிக்கிறதுக்கு வேற நாலு பேரு நிக்கிறானுங்க, பாவிப் பசங்க!”

ஸ்பீக்கர் சத்தம் நஸ்ருன்னிசாவுக்கும் கேட்டது. இடுப்பில் இருந்த பிடி இன்னும் இறுகியது. “போ நிலா. யாரு கத்தினாலும் நிக்காத.”

தெற்கு உஸ்மான் ரோட்டில் நகைக் கடைக் கூட்டம் ரோட்டையே விழுங்கியிருந்தது. தமிழ்நிலா இடப்பக்கம் ஒரு ஆட்டோவுக்கும் வலப்பக்கம் ஒரு மணப்பெண் குடும்பத்துக்கும் நடுவில் நுழைந்து வெளியே வந்தாள். பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. உண்மையைச் சொன்னால் உடம்பெல்லாம் ஒரு ஜிவ்வென்ற வேகம். சின்ன வயதில் பட்டம் அறுந்தால் அதன் பின்னால் மாடி மாடியாகத் தாண்டி ஓடுவாளே, அந்த வேகம். இரண்டு வருஷமாக யாரோ ஒருவருடைய தோசைக்காக ஓட்டிய ஓட்டமெல்லாம் இதற்கான ஒத்திகை என்று தோன்றியது. நந்தனம் சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டினார். “கோர்ட்டுக்கு சார், கோர்ட்டுக்கு!” என்று கத்திக்கொண்டே போய்விட்டாள். அது பொய்யும் இல்லை.

கோட்டூர்புரம் பாலத்தின் நடுவில், ரோட்டோடு ரோட்டாக வெள்ளை க்ரீம் அப்பியிருந்தது. காக்காய்கள் கொத்திக்கொண்டிருந்தன. “எருமைங்க” என்றார் நஸ்ருன்னிசா.

மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. டிரம் மூடி கையோடு வரவில்லை. இருவரும் சேர்ந்து திருகினார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு நிறத்து நூல் கட்டியிருந்தது, நஸ்ருன்னிசாவின் வேலை அது. ஆரஞ்சு நூல் ஜோதிலட்சுமி வீடு. பச்சை நூல் அவர் வீடு. இரண்டிலிருந்தும் மார்க் ஷீட் வெளியே வந்தது. அறிவு, பதினேழு வருஷம் ஏழு மாதம். ஆசிஃப், பதினேழு வருஷம் இரண்டு மாதம்.

“இவன்தான் சின்னவன்” என்றார் நஸ்ருன்னிசா. அந்தக் காகிதத்தை மட்டும் அவர் பையில் வைக்கவில்லை. கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

சேமியர்ஸ் ரோட்டைத் தாண்டும்போது மறுபடி அம்மா. இந்த முறை அவள் கத்தவில்லை. “ஆசிஃபுக்கு ஆரம்பிச்சிட்டாங்கடி” என்றாள்.

தமிழ்நிலா கண்ணாடியில் பார்த்தாள். நஸ்ருன்னிசா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலாப்பூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களாவில்தான் அந்தக் கோர்ட் நடந்தது. மணி இரண்டு ஆக மூன்று நிமிஷம். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் அறிவு, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, தலையில் தண்ணீர் வழிய. சலூன்காரர் கத்தியில் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். நான்கைந்து போன்கள் உயர்ந்து நின்றன. மரத்தை ஒட்டி டில்லிபாபுவும் ஆசிஃபும் புது மொட்டையோடு நின்றார்கள். ஆசிஃபுக்குக் காதுக்கு மேல் கீறி ரத்தம் கசிந்தது.

“அண்ணே, நிறுத்துங்க!” தமிழ்நிலா ஸ்டாண்டு போடாமலே இறங்கினாள், வண்டி பின்னால் தடாலென்று விழுந்தது. “கைய எடுங்கண்ணே! அவனுக்குப் பதினேழு!”

கான்ஸ்டபிள் குறுக்கே வந்தார். “யாரும்மா நீ? ஜட்ஜய்யா உத்தரவு.”

“மார்க் ஷீட் கீது சார். வக்கீலம்மா கேட்டாங்க. பாருங்க.”

“அதெல்லாம் உள்ள போய்ச் சொல்லு.” சலூன்காரர் பக்கம் திரும்பினார். “நீ அடிப்பா.”

சலூன்காரர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். மார்க் ஷீட்டையும் பார்த்தார், அறிவையும் பார்த்தார். கத்தியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“உத்தரவு உத்தரவுங்கிறீங்களே சார், அந்தக் காகிதத்தை ஒரு தடவை காட்டுங்க. இந்த மரத்தடியில இருபது தலை எடுத்திருப்பேன், ஒரு துண்டுச் சீட்டு பார்த்ததில்ல. நாளைக்கு யாராவது கேட்டா நான்தானே மாட்டுவேன்?”

கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை.

நஸ்ருன்னிசா இதற்குள் மகனிடம் போயிருந்தார். ஆசிஃப், “அம்மி, நான்...” என்று ஆரம்பித்தான். அறை விழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவனும்தான். அவர் காதுக்கு மேல் இருந்த ரத்தத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு திரும்பி சலூன்காரரைப் பார்த்து, “சீட்டே கெடையாதா?” என்று கேட்டார்.

“கெடையாதும்மா.”

நஸ்ருன்னிசா தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டேகாலுக்கு நடுவர் வந்து உட்கார்ந்தார். பார்க்க நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். நெற்றியில் விபூதி, குரலில் பள்ளிக்கூட வாத்தியாரின் கனிவு. பின் பெஞ்சில் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். மூன்று பையன்களும் கூண்டருகே நின்றார்கள். அறிவின் தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“இவன் மட்டும் ஏன் முடியோட நிக்கிறான்?” என்றார் நடுவர்.

வக்கீல் ஜெயஸ்ரீ எழுந்தார். நேரில் பார்த்தால் நாற்பது வயது, ஒல்லியான உருவம், கறுப்பு கோட்டு இரண்டு அளவு பெரியது. தினமும் இதே நடுவர் முன்னால் பத்து வழக்குக்கு நிற்கிறவர். போனில் கேட்ட வேகம் குரலில் இல்லை.

“யுவர் ஆனர், ஒரு சின்ன... இருவருக்குப் பதினெட்டு பூர்த்தியாகலைன்னு தெரியவந்திருக்கு. அசல் மதிப்பெண் சான்றிதழ் இருக்கு.”

“காலையில நான்தானே கேட்டேன்? பதினெட்டுன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களே.”

“பயத்துல சொல்லிட்டா, யுவர் ஆனர். இவன் நேவிக்கு எழுதியிருக்கான்.”

நடுவர் சான்றிதழ்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பின் பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசினார்.

“இந்தப் பசங்களை நான் ஜெயிலுக்கா அனுப்பினேன்? ஒரு தகப்பன் ஸ்தானத்துல இருந்து திருத்தறேன். முடி மறுபடி வளரும். புத்தி வளரணும்னுதான்...” அறிவைப் பார்த்தார். “நீ நேவிக்குப் போகப் போறியாமே? அங்க முதல் நாளே ஒட்ட வெட்டிடுவாங்க, தெரியுமில்ல?”

பின் பெஞ்சில் சிரிப்பு. அறிவு தலை குனிந்தான். அந்தச் சிரிப்பு தமிழ்நிலாவின் காதில் சுட்டது. அவளுக்குப் பேச அங்கே உரிமை இல்லை என்று தெரியும். வாய் கேட்கவில்லை.

“அது வேலைக்கு வெட்டுறதுங்க ஐயா. இது அசிங்கப்படுத்த வெட்டுறது.”

டவாலி போட்ட கோர்ட் சேவகர் கையைத் தூக்கினார். “யாரது?” என்றார் நடுவர்.

“அக்காங்க ஐயா. அவன் பண்ணது தப்புதான். அதுக்கு எங்க அனுப்பணுமோ அங்க அனுப்புங்க, நான் கூட்டினு போறேன்.”

நடுவர் அவளைப் பார்த்தார், மார்க் ஷீட்டைப் பார்த்தார், பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். அவருக்கும் சட்டம் தெரியாமல் இல்லை. காகிதம் கைக்கு வந்த பிறகு அதை ஒதுக்க முடியாது. பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதினார். இருவரும் சிறார் எனத் தெரிவதால் குழுமத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். “போங்க. அடுத்த கேஸ்.”

தமிழ்நிலாவுக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது. அறிவின் ஈரத் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கேஸ் பதியாது. கடற்படை வேலை கையைவிட்டுப் போகாது. அம்மா கதவருகே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லாம் முடிந்தது, ஓடிவிடலாம் என்று திரும்பியபோது, நஸ்ருன்னிசா நகரவே இல்லை என்பதைப் பார்த்தாள்.

“ஐயா, அதுல இன்னொண்ணும் எழுதணும்” என்றார் நஸ்ருன்னிசா.

“என்ன?”

“எம் புள்ளைக்கு மொட்டை அடிச்சீங்கன்னு.”

“அதை எதுக்கும்மா எழுதறது? அது ஒரு அறிவுரை. நான் உத்தரவு ஒண்ணும் போடலையே.”

“அப்ப யாரு போட்டது?” நஸ்ருன்னிசா கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் மின்விசிறியைப் பார்த்தார். “வாசல்ல கேட்டா உங்க உத்தரவுங்கிறாங்க. நீங்க நான் இல்லைங்கிறீங்க. முடி தானா கொட்டிடுச்சா? இவங்க வூட்ல சாமிக்குத்தான் முடி குடுப்பாங்க. எங்க வூட்டுக்காரரு மக்காவுக்கு உம்ரா போயி குடுத்துட்டு வந்தாரு. மனசார குடுக்கிறது அது. எம் புள்ளைகிட்ட அத வாங்குறதுக்கு நீங்க யாருன்னு எனக்குத் தெரியணும். எழுதிக் குடுங்க, போயிடறேன்.”

“அம்மா, இது கோர்ட். அவமதிப்புன்னு உள்ள தள்ளிடுவேன்.” கனிவெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“தள்ளுங்க. அதையாவது எழுதித்தானே தள்ளுவீங்க?”

தமிழ்நிலா அறிவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தம்பி கைக்கு வந்துவிட்டான். இப்போது வாயைத் திறந்தால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தாள். அந்த நிமிஷத்துக்காகப் பிறகு வெட்கப்பட்டாள். அறிவின் கையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, போய் நஸ்ருன்னிசா பக்கத்தில் நின்றாள்.

பரபரவென்று ஒரு சத்தம். ஜெயஸ்ரீ தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே, குனிந்து, கோட்டுக் கை மேஜையில் புரள. எழுதி முடித்து நிமிர்ந்தபோது போனில் கேட்ட குரல் திரும்பி வந்திருந்தது.

“யுவர் ஆனர், ஒரு மனு தாக்கல் செய்யறேன். இன்று பகல், விசாரணை தொடங்கும் முன்பே, நீதிமன்ற வளாகத்தில், தங்களின் வாய்மொழி உத்தரவுன்னு சொல்லி சிறுவன் ஆசிஃபின் தலை மழிக்கப்பட்டது. அப்படி ஒரு உத்தரவு தந்ததைப் பதிவு செய்யணும், அல்லது தரவில்லைன்னு பதிவு செய்யணும். ரெண்டுல ஒண்ணு.”

பின் பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. பேனாக்கள் ஓடின.

நடுவர் மெல்லிய குரலில் சொன்னார்: “ஜெயஸ்ரீ, நீங்க தினமும் என் முன்னாடி வந்து நிக்கிறவங்க.”

“நாளைக்கும் வருவேன், யுவர் ஆனர்.”

தாள் பெஞ்ச் கிளார்க் கைக்குப் போனது. மனு என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் தேதி போட்டு, சீல் குத்தி, மேலே வைக்கவேண்டும். முப்பது வருஷ வழக்கம், அவர் கை தானாக சீலைத் தேடியது. உத்தரவு தந்தேன் என்று எழுதினால் எந்தச் சட்டத்தில் என்று மேல் கோர்ட் கேட்கும். தரவில்லை என்று எழுதினால் மரத்தடியில் விழுந்த இருபது தலைக்கும் யாராவது பதில் சொல்லவேண்டும். தமிழ்நிலாவுக்கே இது புரிந்தது. நடுவருக்கு எப்போதோ புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

“மேடம்.”

டில்லிபாபு. இவ்வளவு நேரம் அவனை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். இன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடியவன், கூண்டுப் பக்கம் தனியாக, பளபளக்கும் தலையைக் கையால் மூடிக்கொண்டு நின்றான்.

“எனக்கு இருபது மேடம். நெஜமாவே இருபதுதான். பாலத்துல வண்டிய நிறுத்தினது நான்தான், ஃபைன் கட்டுறேன், ஒத்துக்கிறேன். ஆனா என் தலையும் அவரு சொல்லித்தானே போச்சு? எனக்கு இருபதுன்றதால அடிக்கலாமா?” கையைத் தலையிலிருந்து எடுத்தான். “என் பேரையும் அதுல போடுங்க.”

ஜெயஸ்ரீ கிளார்க்கிடம் கை நீட்டி அந்தத் தாளைத் திரும்ப வாங்கினார். ஆசிஃப் என்ற பேருக்குப் பக்கத்தில் இடம் இல்லை. ஓரத்தில், கொஞ்சம் சாய்த்து, டில்லிபாபு, வயது இருபது என்று எழுதிக் கீழே சுருக்கொப்பம் வைத்தார். கிளார்க் சீலைக் குத்தி, தாளை நடுவர் முன்னால் வைத்தார். நடுவர் பேனாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்த அடுத்த வழக்குக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள்.